வலிக்காகக் கொடுக்காத மாத்திரை

ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை.

காலை 6.10. என் மனைவி பாக்கியத்துக்கு, வயது அறுபத்தெட்டு, பால் கலக்காத பிளேன்டீயுடன் இபுபுரோஃபன் மாத்திரை ஒன்று கொடுத்தேன். அதற்கு முன் அவர் எதுவும் உண்டிருக்கவில்லை.

6.45. வெற்றிலை கேட்டார். எங்களுடன் தங்கியிருந்த அவருடைய தங்கை மாரியாயி மடித்துக் கொடுத்தார்.

7.20. வாந்தி. நிறம் கருஞ்சிவப்பு. வெற்றிலைச் சாறு என்று முடிவு செய்தோம்.

8.05. குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். கைகால்கள் குளிர்ந்திருந்தன.

9.00. பதுளை அரச வைத்தியசாலை, அவசர சிகிச்சைப் பிரிவு. இரத்த அழுத்தம் தொண்ணூறுக்குக் கீழ்.

9.25. வலி மாத்திரை ஏதும் கொடுத்தீர்களா என்று பணியிலிருந்த வைத்தியர் கேட்டார். இல்லை என்றேன்.

12.00. பெண்கள் வாட்டில் இரத்தம் ஏற்றத் தொடங்கினார்கள்.

இவற்றை அன்று மாலையே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். 9.25க்கு உரிய வரியை மட்டும் இரண்டு நாள் கழித்து எழுதினேன்.

மறதி நோயுள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்தவன் நான். பாக்கியம் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. எந்தக் குழந்தைக்கு எந்த ஏணை, எதற்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எந்தத் தாய் தாமதமாக வருவாள் என்பதையெல்லாம் எழுதி வைக்காமலே நினைவில் வைத்திருந்தவர். நான் வகுப்பேட்டைப் பார்த்தே மாணவர்களின் பெயர் சொல்வேன் என்று கேலி செய்வார்.

நோய் இன்னதென்று தெரிந்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளினிக்கில் ஒரு கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து என்று நேரம் காட்டச் சொன்னார்கள். அவர் வட்டத்தை வரைந்தார். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, மற்றப் பக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறதென்று என்னைப் பார்த்தார். பிறகு இரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன், நீண்ட காத்திருப்பு. அல்சைமர் நோயாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். உயிரோடிருப்பவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாதென்பதால் ‘இருக்கலாம்’ என்ற சொல் அங்கே இருந்தது. அந்தச் சொல்லின் மீது நான் நெடுநாள் சாய்ந்திருந்தேன்.

இந்நோயில் இரண்டு புரதங்கள் மூளையில் முறைதவறிப் படிகின்றன. அமிலாய்ட் பீட்டா என்பது நரம்புக் கலங்களுக்கு, அதாவது செல்களுக்கு, வெளியே திட்டுத் திட்டாகச் சேர்கிறது. டோ என்பது கலங்களுக்கு உள்ளே நூல்போலச் சிக்குண்டு கிடக்கிறது. அமிலாய்ட் பீட்டா தனியே பிறப்பதில்லை. கலத்தின் மென்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பெரிய புரதத்தை நொதியங்கள் அடுத்தடுத்து வெட்டும்போது அது துண்டாக விழுகிறது. கடைசி வெட்டைச் செய்யும் நொதியத்தின் பெயர் காமா செக்ரிட்டேஸ். அது எப்போதும் ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. நாற்பது அமினோ அமிலங்கள் கொண்ட துண்டும் விழலாம். நாற்பத்திரண்டு கொண்டதும் விழலாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி சற்று ஏறினாலும் இறங்கினாலும் அடுத்து வரும் தளிர் மாறிவிடும். அதைப் போன்றது இது. இரண்டே அமினோ அமிலங்கள் கூடிய அந்த நீளமான துண்டுதான் எளிதில் ஒட்டித் திரள்வது.

மூட்டுவாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் அழற்சி எதிர்ப்பு மருந்து உண்டவர்களிடம் அல்சைமர் நோய் குறைவாகக் காணப்படுகிறது என்று முன்பே ஓர் அவதானிப்பு இருந்தது. நோயுற்ற மூளையிலும் அழற்சி உண்டென்பதால் அது பொருத்தமாகவே தோன்றியது. பின்னர், ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில், இபுபுரோஃபன் போன்ற சில மருந்துகள் வேறொரு வேலையையும் செய்வதைக் கண்டார்கள். அவை அந்த நொதியத்தை நிறுத்தவில்லை. அது வெட்டும் இடத்தைச் சற்று நகர்த்தின. நீளமான துண்டு குறைந்தது. அதைவிடக் குட்டையான, தீங்கு குறைந்த துண்டு கூடியது. அழற்சியைத் தணிக்கும் செயலோடு இதற்குத் தொடர்பில்லை. எல்லா வலி மாத்திரைகளும் இதைச் செய்வதுமில்லை.

மறுபக்கத்தையும் நான் வாசித்திருந்தேன். ஆய்வுகூடக் கலங்களுக்குக் கொடுத்த செறிவு மனித மூளையை எட்டுவதில்லை. வாயால் உண்ணும் மருந்தில் மிகச் சிறிய பங்கே குருதியிலிருந்து மூளைக்குள் போகிறது. நோய் தோன்றியவர்களுக்கு இம்மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலன் காட்டவில்லை. வயிற்றில் இரத்தக் கசிவு போன்ற தீங்குகளையே காட்டின. பரீட்சை வினாத்தாளில் இதைக் கேட்டிருந்தால் முழுப் புள்ளிக்கும் விடை எழுதியிருப்பேன்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை, நான் வெளியே போய்விட்டு வந்தபோது பாக்கியம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“இவ்வளவு நேரமா? எல்லாப் புள்ளயும் போயிருச்சு. நீங்க யாரோட அப்பா?”

“சுமதியோட அப்பா,” என்றேன். சுமதி எங்கள் மகள். பண்டாரவளையில் வங்கியில் வேலை செய்கிறாள்.

“சுமதி அப்பவே தூங்கிருச்சு. மெதுவாத் தூக்கிட்டுப் போங்க. சத்தம் போடாதீங்க.”

மறுநாள் மருந்துக் கடைக்குப் போய் இபுபுரோஃபன் கேட்டேன். கடைக்காரர் என் பழைய மாணவர்.

“யாருக்கு சேர்?”

“எனக்குத்தான். முழங்கால்.”

“சாப்பிட்டுட்டுத்தான் போடணும். வெறும் வயித்துல போட்டா வயித்த அரிச்சுரும். எங்களுக்கு அமிலம் படிப்பிச்ச ஆளுக்கே நான் படிப்பிக்கிறேன் பாருங்க!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வயிறு அரிக்கப்படுவதன் காரணம் இது. அழற்சியை உண்டாக்கும் பொருள்கள் உடலில் உருவாவதை இம்மருந்து தடுக்கிறது. அதே வழியில் உருவாகும் வேறு சில பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலத்தால் போர்த்தி, இரைப்பையின் சொந்த அமிலத்திலிருந்து அதைக் காக்கின்றன. மருந்து இரண்டையும் சேர்த்தே தடுக்கிறது. போர்வை மெலிகிறது, அமிலம் சுவரைத் தொடுகிறது. முதியவர்களிடம் இது வலியில்லாமலும் நிகழலாம்.

உணவுக்குப் பின்பே கொடுப்பது என்றுதான் தொடங்கினேன். பாக்கியம் உண்ணும்போது மாத்திரையைத் துப்பிவிடுவார். காலைப் பிளேன்டீயுடன் கொடுத்தால் மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்கினார். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுவதற்கு, முன் பிளேன்டீ குடிப்பது தோட்டத்தில் பிறந்தவர் எவருக்கும் உடம்பில் ஊறிய வழக்கம்; அது அவரை விட்டுப் போகவில்லை. ஆகவே, வெறும் வயிற்றில் காலையில் ஒன்று, மாலைத் தேநீருடன் ஒன்று. ஐந்து மாதங்கள்.

மாரியாயி ஒருமுறை கேட்டார். “அத்தான், அது என்னா மாத்திர?”

“ஞாபகத்துக்கு.”

“எனக்கும் ஒண்ணு குடுங்க. பேர்ப்பணம் எவ்வளவு வரணும்னு எனக்கே மறந்து மறந்து போகுது. தொரைக்கு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.”

பேர்ப்பணம் என்பது தோட்டத்து நாட்சம்பளம்; தொரை தோட்ட நிர்வாகி. நான் மாத்திரை கொடுக்கவில்லை. அவருக்கு அதன் தீங்கு தெரியாது என்பதால் கொடுக்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

டிசம்பரில் பாக்கியத்தின் முகம் வெளிறியது. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரும்பு மாத்திரை உண்டால் மலம் கறுக்கும். இரைப்பையில் இரத்தம் கசிந்தாலும், அது செரித்து, மலம் கறுத்துத்தான் போகும். ஆனால் தார்போல ஒட்டும், நாற்றமும் வேறு. பாக்கியத்தைக் குளிப்பாட்டித் துடைத்தவர் மாரியாயி. அவர் வந்து சொன்னார்.

“அக்காவுக்குக் கறுப்பாப் போகுது அத்தான்.”

“இரும்பு மாத்திரை போடுறாங்கல்ல. கறுப்பாத்தான் போகும்.”

“நானும் புள்ளத்தாச்சியா இருந்தப்ப அந்த மாத்திர போட்டிருக்கேன். இது அந்த மாதிரிக் கறுப்பு இல்ல. தார் கணக்கா இருக்கு. வாட வேற.”

“மாரியாயி, இது இரசாயனம். எனக்குத் தெரியும்.”

“சரிங்க அத்தான்,” என்று போய்விட்டார். ஆறு வாரங்களுக்குப் பிறகு அந்த வாந்தியை வெற்றிலை என்று முதலில் சொன்னவனும் நானே.

அவசர சிகிச்சைப் பிரிவில் என்னிடம் கேள்வி கேட்டவர் மட்டக்களப்புப் பக்கத்து இளம் வைத்தியர். நான் இல்லை என்றது அச்சத்தால் அல்ல என்று அன்று நம்பினேன். அவர் வலி மாத்திரை பற்றிக் கேட்டார். நான் வலிக்காக எதுவும் கொடுக்கவில்லை. வினாவுக்கு உட்பட்ட விடை என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் சட்டைப் பையில் அந்த மாத்திரைப் பட்டை இருந்தது. எட்டு மாத்திரைகள் மிச்சம்.

பெண்கள் வாட்டில் ஆண்கள் தங்க முடியாது. நண்பகலிலும் மாலையிலும் பார்வை நேரத்தில் மட்டும் உள்ளே விடுவார்கள். ஆகவே துணைக்கு நின்றவர் மாரியாயி. கட்டிலுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் கதிரை அவருக்குக் கிடைத்தது. ஏனைய நேரங்களில் நான் வெளியே நடைபாதையிலிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. மடுல்சீமைப் பாதையில் மண் சரிந்து பஸ் நிறுத்தப்பட்டிருப்பதாக ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு பை இரத்தம் ஏறியதும் பாக்கியம் எழுந்து உட்கார்ந்தார். வாட்டைப் பிள்ளைக் காம்பரா என்று எடுத்துக்கொண்டார். கட்டில்களை எண்ணினார். அடுத்த கட்டிலில் லுணுகலையிலிருந்து வந்த ஒரு பெண் ஊசிக்குப் பயந்து முனகியபோது, “அழாத சாமி, இந்தா பால் வந்துரும்,” என்று கையை நீட்டித் தட்டிக் கொடுத்தார்.

“ஏய் மாரியாயி,” என்றார் அந்தப் பெண், “உங்க அக்கா என்னைய ஏணையில போட்டு ஆட்டாத கொறதான். எனக்குப் பேரப்புள்ள நாலு.”

“சும்மா படுத்துக்குங்க. இல்லாட்டி அழுகுற புள்ளைன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிக் குடுத்துரும்,” என்றார் மாரியாயி.

தாதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பாக்கியம் என்னைக் கண்டு, “அப்பமாருங்க உள்ள வரக் கூடாது,” என்றார். பார்வை நேரமும் முடிந்திருந்தது.

புதன்கிழமை எண்டொஸ்கோபி செய்தார்கள். கமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியாக இரைப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் முறை அது. இரண்டு புண்கள், ஒன்றில் இரத்தக் குழாய் திறந்திருந்தது. அதே குழாய்வழி மருந்து செலுத்தி, சிறு கிளிப் போட்டு அடைத்தார்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை நாளத்தில் ஏற்றினார்கள். கட்டணம் எதுவும் இல்லை, அரச வைத்தியசாலை. புண்ணுக்கான காரணத்தை மட்டும் அவர்களால் நிறைவாக எழுத முடியவில்லை. சதைத் துண்டு எடுத்துப் புற்றுநோய்க்குப் பரிசோதிக்க அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை நண்பகல், பார்வை நேரத்தில், சுமதியும் நானும் உள்ளே போனபோது மாரியாயியின் வெற்றிலைப் பை கட்டிலின் மீது திறந்து கிடந்தது. தாதி ஏதோ தேடும்போது அதிலிருந்து டைக்ளோஃபெனக் பட்டை ஒன்று விழுந்திருக்கிறது. அதுவும் வலி மாத்திரைதான், இபுபுரோஃபனின் குடும்பம். கூடை இழுக்கும் தோளுக்காகக் கொழுந்தெடுக்கும் பெண்கள் அதை வைத்திருப்பார்கள். தோட்டத்தில் வெற்றிலை கைமாறுவதைப் போல மாத்திரையும் கைமாறும். பாக்குக் கேட்டால் பாக்கு, இடுப்பு வலி என்றால் பாதி மாத்திரை. கொடுக்காமல் இருப்பதுதான் குறையாகப் பேசப்படும்.

“சித்தி, உண்மையச் சொல்லுங்க,” என்றாள் சுமதி. “இத அம்மாவுக்குக் குடுத்தீங்களா?”

“அது எந் தோளுக்கு வச்சிருக்கது பாப்பா.”

“அம்மாவுக்குக் குடுத்தீங்களான்னுதான் கேட்டேன்.”

மாரியாயி பையின் வாயைச் சுருக்கினார். பிறகு, “தீவாளிக்கு முன்னாடி ஒரு நா முழங்கால் கடுக்குதுன்னு அழுதுச்சு. பாதி ஒடச்சுக் குடுத்தேன். பாதிதான் பாப்பா,” என்றார்.

“ஒரு தடவதானா?”

“ரெண்டு தடவ இருக்கும். நான் என்னா எழுதியா வச்சேன்?”

“டாக்டர் கேட்டாரே! அப்ப ஏன் சொல்லல?”

“எனக்கு இதுன்னு தெரியாதே. வயித்துக்கு ஆகாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே.”

சுமதி திரும்பி என்னைப் பார்த்தாள். “அப்பா, நீங்களாவது கவனிச்சிருக்கக் கூடாதா?”

ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன் உண்ட பாதி மாத்திரை இந்த இரத்தத்துக்குக் காரணமாகாது. அது அந்த வாட்டில் எனக்கு மட்டும் தெரியும். நான் வைத்தியரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியேறினேன்.

வைத்தியர் தம் அறையில் படிவம் எழுதிக்கொண்டிருந்தார். பட்டையை மேசையில் வைத்தேன். மருந்தின் பெயர், அளவு, ஐந்து மாதம், வெறும் வயிறு என்று ஒழுங்காகச் சொன்னேன். ஏன் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். நொதியத்தின் பெயரை உச்சரித்தபோது அவர் தலை நிமிர்ந்தார்.

“நீங்க வாசிச்சது சரிதான் ஐயா. ஆய்வுகூடத்தில அப்பிடி நடந்தது. மனுசருக்குச் சரி வரல்ல. அதையும் வாசிச்சிருப்பீங்களே?”

“வாசித்தேன்.”

“அப்ப?”

நான் பட்டையை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் பேனாவை எடுத்துப் பாக்கியத்தின் கோவையில் எழுதினார்.

“இதுதான் காரணம் எண்டு நூறு வீதம் சொல்ல ஏலாது. ஆனா பெரும்பாலும் இதுதான். சொன்னது நல்லது, இனி வேற காரணம் தேடி அவங்களப் போட்டு அலைக்கழிக்கத் தேவையில்ல.” பிறகு சொன்னார்: “வாட்டில ஒரு அம்மா தான்தான் குடுத்ததெண்டு அழுதுகொண்டிருக்கிறாவாம், தாதி இப்பதான் சொன்னா. அவவுக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொல்றது சரியில்ல.”

“சொல்கிறேன்,” என்றேன்.

அன்று மாலை உள்ளே போனேன். சுமதி தேநீர் வாங்கப் போயிருந்தாள். பாக்கியம் உறங்கிக்கொண்டிருந்தார். மாரியாயி எழுந்து நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். திருமண நாளுக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

“அத்தான், நான் வேணும்னு செய்யல. எங் கூடப் பொறந்த பொறப்பு. வலின்னு அழுதா எப்பிடிப் பாத்துக்கிட்டு இருக்கது? என்னைய மன்னிச்சுருங்க.”

“பரவாயில்ல, மாரியாயி,” என்றேன்.

நான் சொன்னது இந்த இரண்டு சொற்களே. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க பெரிய மனுசன் அத்தான்,” என்றார்.

அன்று சொல்லாததற்கான காரணங்களை வாங்கில் உட்கார்ந்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். பாக்கியம் தேறும்வரை வீட்டில் சச்சரவு கூடாது. சுமதி ஏற்கெனவே களைத்திருக்கிறாள். வைத்தியருக்குத் தெரிந்துவிட்டதால் சிகிச்சைக்கு இனிப் பாதகமில்லை. மூன்றும் உண்மை. மூன்றிலும் மாரியாயி இல்லை.

அடுத்த ஐந்து நாட்கள் நல்ல நாட்கள். இரத்தக் கசிவு நின்றது. கஞ்சி, பிறகு குழைந்த சோறு. சுமதி விடுமுறை எடுத்துக்கொண்டு, காலையில் எனக்கு ரொட்டியும் சம்பலும் கட்டி வருவாள். நனைந்த என் காலுறைகளைக் கேட்காமலே கழற்றி எடுத்துப்போய் உலர்த்திக் கொண்டுவருவாள். அதே சுமதி, மருந்து நேரத்தில் மட்டும், “சித்தி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க,” என்பாள். மாரியாயி வெளியே வந்து என் வாங்கின் மற்ற முனையில் உட்காருவார். வெற்றிலைப் பையைச் சுமதி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். வெறும் வாயோடு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு உள்ளே போய் அக்காவின் துணி மாற்றுவார், தலை வாருவார், மலச்சட்டி எடுப்பார். அவற்றுக்கு அவரை யாரும் வெளியே நிற்கச் சொல்லவில்லை.

வாங்கில் அவ்வாறு நாங்கள் இருவரும் தனித்திருந்த வேளைகள் பதினொன்று. அவற்றையும் குறித்திருக்கிறேன்.

ஜனவரி 29 மாலை காய்ச்சல். மறதி நோய் முற்றும்போது விழுங்கும் முறையும் மறக்கிறது. உணவிலோ உமிழ்நீரிலோ ஒரு துளி வழிதவறிச் சுவாசப் பைக்குள் போனால் அங்கே கிருமி பெருகி நிமோனியா உண்டாகிறது. படுக்கையில் கிடந்து மெலிந்தவர்களுக்கு அது விரைவாகப் பரவும். எக்ஸ்ரேயில் வலது பக்கம் அடியில் வெள்ளையாக இருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தார்கள், ஒட்சிசன் வைத்தார்கள், ஒரு மருந்து கேட்காமல் வேறொன்றுக்கு மாற்றினார்கள். அந்த வைத்தியசாலையில் செய்யக்கூடியதில் எதுவும் குறைவைக்கப்படவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு நண்பகல், பாக்கியம் முகமூடியை விலக்கி என்னோடு பேசினார். குரல் தெளிவாக இருந்தது.

“எல்லாப் புள்ளயும் குடுத்தாச்சு. நீங்களும் போங்க. நான் கதவப் பூட்டணும்.”

மறுநாள் மாலை 4.50க்கு இறந்தார். மாரியாயி காலடியில் இருந்தார். சுமதி தலைமாட்டில் இருந்தாள். நான் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். மரணச் சான்றிதழில் நிமோனியா என்று இருக்கிறது. அது சரியான பதிவு. இரத்தம் இழக்காதிருந்தால் படுக்கையில் விழுந்திருக்க மாட்டார், விழாதிருந்தால் நிமோனியா அன்று வந்திருக்காது, என்றாவது வந்திருக்கும். எந்தப் படியில் முடிவு தீர்மானமானது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் முறை இல்லை.

வீட்டில் வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. உறவினர் ஒவ்வொருவராக வந்து இறந்தவரின் வாயருகே அரிசி இடுவது வழக்கம். உடன்பிறந்தவள் என்று மாரியாயியை முதலில் கூப்பிட்டார்கள். அவர் சுவரோரம் நின்றார். வரவில்லை.

“வாடி, நேரமாகுது,” என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

“எங் கையால வேணாம்,” என்றார் மாரியாயி. “எங் கையால குடுத்தது போதும்.”

துக்கத்தில் சொல்கிறார் என்று எல்லோரும் எண்ணினார்கள். சுமதி தரையைப் பார்த்தாள். என் முறை வந்தபோது நான் அரிசி போட்டேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் அவர் மடுல்சீமைக்குப் போனார். மண் சரிந்த இடத்தில் இறங்கிச் சுற்றி நடந்து, மறுபக்கம் வேறு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. சென்ற மாதம் தொலைபேசியில் பேசினோம். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அது இருக்கு அத்தான். கையத் தூக்க முடியல. இப்ப மாத்திர போடுறதில்ல. பட்டையக் கண்டாலே அக்கா மொகந்தான் வருது. யாருக்கும் குடுக்கிறதுமில்ல. கஞ்சப் பிசினாறின்னு பேசுறாளுக.” சிரித்தார். “பேசட்டும்.”

நானும் ஏதோ சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. மருத்துவர் எழுதாத எந்த மாத்திரையையும், அது எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டாலும், அதன் பெயரால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோக்கத்தின் பெயரால் சொல்ல வேண்டாம். மலம் தார்போலப் போனால் அன்றே போங்கள். குளிப்பாட்டுபவர் சொல்வதைக் கேளுங்கள். கலத்தில் நிகழ்வது வேறு, கட்டிலில் நிகழ்வது வேறு. அந்த மருந்துகளை ஆராய்ந்தவர்கள் பிழை செய்யவில்லை. தங்களுக்குத் தெரியாததைத் தெரியாதென்றே எழுதியிருந்தார்கள்.

நான் இன்னும் செய்யாமல் இருப்பவை:

1. அலுமாரியில் மிஞ்சிய மாத்திரைகளை மருந்துக் கடையில் ஒப்படைத்தல். அவை என் முழங்காலுக்கு அல்ல என்று கடைக்காரரிடம் சொல்லுதல்.

2. கிளினிக் புத்தகத்தைக் கொண்டுபோய், அந்த ஐந்து மாதங்களுக்குரிய பக்கங்களில் விடுபட்டதை எழுதுவித்தல்.

3. சுமதி. பண்டாரவளைக்குப் போய், நேரில். இது அச்சாகி அவள் கைக்குப் போவதற்கு முன்.

4. மாரியாயி. இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்வார், அவர்கள் நொதியம் வரும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அவருக்கு இவ்வளவும் தேவையில்லை. குடுத்தது நான், நீ இல்ல. நான்கு சொற்கள். மடுல்சீமைப் பாதை திறந்து மூன்று வாரமாகிறது.